கல்லோடு சேர்த்து மூன்று பேர்

அட்டை ஏறாமலிருக்க உப்பைவிடச் சவர்க்காரம் நல்லது. முழங்கால் வரைக்கும் ஈரச் சவர்க்காரத்தைத் தடவிக் காயவிட்டு, அதற்குமேல் நீளக் காலுறையைப் போட்டுக்கொண்டால் மழைக்காட்டில் அட்டை கிட்ட வராது. வந்தாலும் வழுக்கி விழுந்துவிடும். இது எங்கள் அரியாலை ஆட்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நாங்கள் உப்புக் காற்றிலும் சுண்ணாம்புக் கல்லிலும் வளர்ந்தவர்கள். அட்டை என்றால் எங்களுக்குக் கடலில் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற சாமான். நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்று காலையில் மச்சானுடைய இரண்டு காலுக்கும் நானே குந்தியிருந்து சவர்க்காரம் தடவிவிட்டேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் அவர்மேல் அக்கறை இல்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி ஓடுகிறது. நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்த இராசநாயகம், மச்சானை எண்ணுவதற்குப் பதிலாக ஒரு கல்லை எண்ணி, கல்லைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்த்து, மச்சானைச் சிங்கராஜாக் காட்டில் விட்டுவிட்டு வந்த கதை. குருநகருக்கு மீன் வாங்கப் போனால், "ஐயா, வடிவா எண்ணிப் பாருங்கோ, பிறகு வீட்டை போய்க் கல்லெண்டு சொல்லாதையுங்கோ" என்று விற்கிற பெண்கள் பகிடி பண்ணுகிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்துக் காணி அளந்தவன் மூன்றுவரை எண்ணத் தெரியாமல் போனதில் ஊருக்கு ஒரு சந்தோஷம். அதை நான் கெடுப்பானேன்? ஆனாலும் எனக்கென்று ஒரு தொழில் மானம் இருக்கிறது. அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். நான் பிழையாக எண்ணவில்லை.

மச்சான் தில்லைநாதன் என் மனைவி நாகேஸ்வரியின் தமையன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மனைவி காலமான பிறகு கனடாவில் தனியே இருக்க அலுப்பாக இருக்கிறதென்று, மூன்று மாதம் நின்றுவிட்டுப் போக வந்தார். இது நாலாவது வருடம். நல்ல மனிதர். கைதாராளம். பொய் சொல்லத் தெரியாது. அவரிடம் ஒரேயொரு குறைதான். வாய் ஓயாது. காலையில் கண் விழிக்கும்போது தொடங்கினால், படுக்கும்போது பாதி வசனத்தில் நிற்கும். மறுநாள் விடிய அதே வசனத்தின் மிச்சத்திலிருந்து தொடங்குவார்.

எனக்குப் பறவை பார்க்கிற பழக்கம் உண்டு. நாற்பத்தொரு வருடப் பழக்கம். கள வேலைக்குப் போன காடுகளில் தொடங்கியது. இளைப்பாறிய பிறகு விடியற்காலையில் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு கடல்நீரேரிக் கரைக்குப் போய்விடுவேன். மார்கழி மாதத்தில் அங்கே எங்கெங்கிருந்தோ வந்த பறவைகள் சேற்றில் நிற்கும். அசையாமல் இருந்தால் ஐம்பது முழத்துக்குக் கிட்டவும் வரும். அந்த ஒரு மணித்தியாலம்தான் என்னுடையது. மச்சான் வந்த பிறகு அதுவும் போயிற்று. கரையில் நான் மூச்சையும் மெதுவாக விட்டுக்கொண்டு இருக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்.

"என்ன மச்சான், கொக்கோ?"

எந்தப் பறவையானாலும் அவருக்குக் கொக்குத்தான். அவர் கேட்டு முடிக்கும்போது சேற்றில் கொக்கும் இராது, வேறொன்றும் இராது.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. இந்தத் தீவில் மட்டும் வாழ்கிற, வேறெங்கும் இல்லாத பறவைகளின் பெயர்களை அதில் எழுதி வைத்திருக்கிறேன். பார்த்ததற்கு நேரே திகதியும் இடமும் எழுதுவேன். சொந்தக் கண்ணால், முழுதாக, ஐயமில்லாமல் பார்த்திருக்க வேண்டும். அது நான் எனக்கு விதித்துக்கொண்ட சட்டம். எல்லாவற்றுக்கும் எழுதியாயிற்று. ஒன்றுதான் மிச்சம். பச்சைச் சொண்டுச் செண்பகம். தெற்கே ஈரக்காட்டில், மூங்கில் புதருக்குள் ஒளிந்து திரிகிற பறவை. குரல் கேட்கும், ஆள் தெரியாது. எங்கள் வேலிகளில் நிற்கிற செண்பகத்தின் தம்பி மாதிரித்தான். அதே செம்மண் நிறச் சிறகு. சொண்டு மட்டும், அதாவது அலகு மட்டும், பச்சை. எனவே சொண்டைக் காணாமல் கொப்பியில் எழுத முடியாது. எனக்கு அறுபத்தாறு வயது, இடது கண்ணில் வெண்புரை தொடங்கிவிட்டது. கிளிநொச்சியில் வேலையிலிருந்த காலத்திலிருந்து நான் ஆசைப்பட்ட காரியம் இந்த ஒன்றுதான் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். சிரியுங்கள், பரவாயில்லை.

ஆடி மாதத்தில் குருநகர் லெனாட் தன் மினிபஸ்ஸில் ஒரு சுற்றுலா ஒழுங்குபண்ணினான். முதலில் மகியங்கனைப் பக்கத்து வேடர் கிராமம், பிறகு சிங்கராஜா மழைக்காடு, அங்கிருந்து ஒரே ஓட்டமாக யாழ்ப்பாணம். காட்டு விலங்கையும் பார்க்கலாம், ஆதிக்குடிகளின் வாழ்க்கையையும் பார்க்கலாம் என்று துண்டுப் பிரசுரம் அடித்திருந்தான். நான் எனக்கு மட்டும் ஒரு இடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அது மூன்று இடமாயிற்று.

மூன்று என்றதும் பிரச்சினையும் வந்தது. மூன்று பேராக ஒரு காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது என்பது நாகேஸ்வரியின் வீட்டுச் சட்டம். பெண் பார்க்கப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, மூவரென்றால் நாலாவதாக ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போவார்கள். கல் ஒரு ஆளுக்குச் சமம். பஸ்ஸில் பத்தொன்பது பேர் போகிறோமே என்று நான் நியாயம் சொல்லிப் பார்த்தேன்.

"பஸ்ஸிலை எத்தினை பேரெண்டது லெனாட்டின்ரை பாடு. எங்கடை படலையாலை எத்தினை பேர் வெளிக்கிடுறம்?" என்று நாகேஸ்வரி கேட்டாள்.

படலையடியில் கிடந்த, ஒரு சின்னப் பூசணிக்காயளவு கல்லைக் கழுவி, துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கூழாங்கல் ஒன்று போதுமே என்றேன். தூர இடத்துக்குப் போகும்போது சின்ன ஆளைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது என்றாள்.

லெனாட் ஆட்களை எண்ணுவதற்கு ஒரு முறை வைத்திருந்தான். அவன் முன்னால் நின்று ஊர்ப் பெயரைச் சொல்லுவான். அந்த ஊர்க் குடும்பத்தில் மூத்தவர் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். "கொழும்புத்துறை?" என்றால் மரியரட்ணம் மாஸ்டர் "ஆறு" என்பார். "அரியாலை?" என்று கேட்டபோது மச்சான் முந்திக்கொண்டு "நாலு" என்றார். கல்லைக் காட்டி விளக்கமும் சொன்னார். பஸ்ஸெல்லாம் சிரிப்பு.

"எனக்குக் கல்லுக் கணக்கில்லை அண்ணை. கல்லு சாமான். அரியாலை மூண்டு" என்றான் லெனாட்.

நான் சொல்லப் போகிற எல்லாம் இந்த மூன்றில்தான் நிற்கிறது.

கல்லைப் பின் ஆசனத்தில் எனக்கும் மச்சானுக்கும் நடுவே வைத்தோம். மச்சான் தன்னுடைய கனடாத் தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்து, தன் சால்வையையும் போர்த்தி, "நாலாவது ஆளுக்குக் குளிரக்கூடாது" என்றார். மாங்குளம் வரும்வரை அதனோடு கதைத்துக்கொண்டு வந்தார். அந்த நேரம் அவர் என்னோடு கதைக்கவில்லை. கல்லால் எனக்கு வந்த முதலாவது பிரயோசனம் அது.

வேடர் கிராமத்தில் எங்களை நல்லபடியாக வரவேற்றார்கள். நான் கொப்பியின் பின்பக்கத்தில், 'ஆதிக்குடிகளின் விசித்திரமான நம்பிக்கைகள்' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு இருந்தேன். தோளில் கோடரி வைத்திருந்த ஒருவர் வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை கொடுத்தார். நாகேஸ்வரியின் மடியில் துவாய்க்குள் இருந்ததைப் பார்த்து, பிள்ளையோ என்று மொழிபெயர்ப்பாளரிடம் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கல்லுக்கு முன்னாலும் ஒரு வெற்றிலையை மரியாதையாக வைத்தார். அவர்களுடைய ஆள் ஒருவர் என் தலைப்புக்குக் கீழே நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்தார். நான் கொப்பியை மூடிவிட்டேன்.

பிறகு ஒரு முதியவர் தேன் எடுக்கப் போகும்போது பாடுகிற பாட்டொன்றைப் பாடினார். மூன்று நிமிடம். பதிலுக்கு நாங்களும் ஏதாவது பாட வேண்டும் என்று மச்சான் எழும்பித் தேவாரம் ஒரு பதிகம் முழுவதையும் பாடினார். இருபத்தைந்து நிமிடம். அவர்கள் கடைசிவரை கைகட்டிக் கேட்டார்கள். அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் நான் அந்த முதியவரிடம் காட்டுப் பறவைகளைப் பற்றிக் கேட்க இருந்தேன். அதற்குள் லெனாட் புறப்பட நேரமென்று பஸ் கோண் அடித்துவிட்டான்.

அன்று பின்னேரம் மலைப்பாதை. வளைவுகள் நாகேஸ்வரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தட்டையான ஊரில் பிறந்த வயிறு. கல்லைத் தொப்பியும் சால்வையுமாகப் பின் ஆசனத்திலேயே விட்டு, முன் ஆசனத்துக்கு மாறி, கையில் தேசிக்காயோடு கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் மழைக்காட்டுக்கு எல்லோரும் ஜீப் ஏறியபோது, தான் பஸ்ஸிலேயே இருக்கிறேன் என்றுவிட்டாள். மரியரட்ணத்தின் மனைவி லூர்த்தம்மா ஒரு குளிசை கொடுத்து அவளைப் படுக்கவைத்தாள். இதெல்லாம் தற்செயல்தான். நான் குளிசை கொடுக்கவில்லை.

மழைக்காட்டைப் பற்றி நான் நிறையச் சொல்லலாம். மரங்களின் உச்சி தெரியாது, மழை விட்டபிறகும் இலைகளிலிருந்து மழை பெய்யும், பச்சையில் எத்தனை பச்சை உண்டு என்று அங்கேதான் தெரியவரும். எங்கள் ஊரில் ஒரு மரம் நிற்கவேண்டுமென்றால் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்குக் கண் கலங்கியது. மச்சான் அரை மணித்தியாலம் ரொறன்ரோவில் உள்ள பெரிய பூங்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்றரை மணிபோல, வழிகாட்டிப் பையனும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். நான் பின்தங்கினேன். வலப்பக்கத்து மூங்கில் புதருக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. ஆழமான, ஒரு பானைக்குள் இருந்து கூப்பிடுகிற குரல். நான் பாதையை விட்டு இறங்கி, ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் குந்தினேன். பத்து நிமிடம் அசையவில்லை. ஒரு அட்டை என் மணிக்கட்டில் ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன். புதருக்குள் செம்மண் நிறச் சிறகு தெரிந்தது. வால் தெரிந்தது. கழுத்துத் தெரிந்தது. தலை ஒரு இலைக்குப் பின்னால் இருந்தது. அந்த இலை அசைந்தால் போதும். நாற்பத்தொரு வருடம் ஒரு இலைக்குப் பின்னால் நின்றது.

தோளில் ஒரு கை விழுந்தது.

"என்ன மச்சான், கொக்கோ?" என்றார். பிறகு எட்டிப் பார்த்தார். "அட, செண்பகம். எங்கடை வேலியிலை நிக்கிறதுதானே. உதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீர்?"

பறவை புதருக்குள் விழுந்து மறைந்தது. இலை அதன்பிறகுதான் அசைந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவேயில்லை. கணக்கொன்று தீர்ந்தால் வருகிற அமைதிதான் வந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று ஐம்பது. என் முகத்தில் மச்சான் எதைக் கண்டாரோ தெரியாது. அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"நான் கலைச்சுப்போட்டனோ மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகக் கேட்டு அதுவரை நான் கேட்டதில்லை. "பிழை என்னிலைதான். உது திரும்பி வருமோ?"

"வரும்" என்றேன். "ஆனா ஆள் அசையாமல் இருக்கவேணும். கதைக்கக் கூடாது."

"நான் இருக்கிறன். நீர் போய் அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வாரும். அவனுக்கு இடம் தெரியும். அதுக்கிடையிலை வந்தால் நான் பாத்து வைக்கிறன்."

நான் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. அவராகத்தான் இருந்தார். நான் சில விபரங்களை மட்டும் சொன்னேன்.

"ஆர் கூப்பிட்டாலும் வாய் திறக்காதையுங்கோ. ஒரு சத்தம் கேட்டால் அது பிறகு இந்தப் பக்கம் வராது."

"நீர் கூப்பிட்டால்?"

"நான் கூப்பிட மாட்டன். வந்து தோளிலை தொடுறன்."

அவர் தலையாட்டினார். வாயைத் திறக்காமல் தலையாட்டினார். விழுந்த மரத்துக்குப் பின்னால் அவரை வசதியாக இருத்தி, என் குடையை விரித்துக் கொடுத்தேன். அவருடைய போன் என் பையில், மழைக்காகப் பொலித்தீனில் சுற்றி இருந்தது. காலையில் அவரே தந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அப்போது நினைவு வந்தது. கொடுக்கவில்லை. ஈரம் பட்டால் பழுதாகிவிடும்.

ஜீப் நிற்கிற இடத்துக்கு வந்தபோது முதலாவது ஜீப் புறப்பட்டுவிட்டது. வழிகாட்டிப் பையன் எனக்குப் பின்னால் பார்த்து, பெரியவர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். நான் முன்னால் போன ஜீப்பைக் கையால் காட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நல்ல பிள்ளை. வழக்கப்படி காட்டைப் பார்த்து ஒருமுறை உரக்கக் கூவிக் கூப்பிட்டான். பதில் இல்லை. நாங்கள் ஏறினோம்.

பஸ்ஸில் நாகேஸ்வரி முன் ஆசனத்தில் நல்ல நித்திரை. நான் பின் ஆசனத்தில் போய், கல்லின் தொப்பியைச் சரிசெய்தேன். லெனாட் முன்னால் நின்று கூப்பிடத் தொடங்கினான்.

"கொழும்புத்துறை?"

"ஆறு."

"அரியாலை?"

நான் எண்ணினேன். முன்னால் நாகேஸ்வரி, ஒன்று. பின்னால் நான், இரண்டு. எனக்குப் பக்கத்தில் தொப்பியும் சால்வையுமாக இருந்த ஆள், மூன்று. கல் ஒரு ஆளுக்குச் சமம் என்பது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. என் மனைவியின் குடும்பத்தில் தலைமுறையாக இருக்கிற சட்டம். அதற்கு வேடர் கிராமத்தில் வெற்றிலைகூட வைத்தார்கள்.

"மூண்டு" என்றேன்.

இதில் நான் சொன்ன பொய் எது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். நாகேஸ்வரி குளிசை மயக்கத்தில் எழும்பவேயில்லை. மச்சானுக்கு வயிறு சரியில்லை, படுத்திருக்கிறார் என்று லூர்த்தம்மாவிடம் சொல்லி அவருக்கும் ஒரு பார்சல் வாங்கிக்கொண்டேன். கொத்துரொட்டி. ஆறிவிட்டால் நன்றாயிராது என்று கொஞ்ச நேரத்தில் நானே சாப்பிட்டுவிட்டேன். போனும் இடைக்கிடை அதிர்ந்தது, கனடாவிலிருந்து மகன். அவனும் வீணாகக் கவலைப்படுவானே என்று நிறுத்தி வைத்தேன். அநுராதபுரம் தாண்டுமட்டும் நன்றாகத் தூங்கினேன். பஸ்ஸின் பின்பக்கம் அவ்வளவு அமைதியாக நான்கு வருடத்தில் இருந்ததில்லை.

விடியும்போது எங்கள் படலையடியில் பஸ் நின்றது. நாகேஸ்வரி தெளிவாக எழும்பி, தமையனை எழுப்பப் பின்னால் வந்தாள். "அண்ணை, வீடு வந்திட்டுது" என்று சால்வையைத் தட்டினாள். பிறகு தொப்பியைத் தூக்கினாள்.

அவள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அண்ணை எங்கை?"

"நான் மூண்டெண்டு எண்ணினனே" என்றேன். நாகேஸ்வரியைப் பார்த்தேன், என்னைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று வவுனியாவிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். "கடவுளே, தொப்பியைக் கண்டிட்டு..."

லெனாட்டுக்குத்தான் முதலில் விளங்கியது. அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றான். மரியரட்ணம் மாஸ்டர் சிரித்துவிட்டார். அந்த நிமிடத்தில் இருந்து ஊர்க் கதை பிறந்துவிட்டது. நான் ஒன்றும் சேர்க்கத் தேவையிருக்கவில்லை.

வழிகாட்டிப் பையனுக்கு லெனாட் போன் எடுத்தான். பையன் விசாரித்து, அவர் இருந்த வீட்டுக்கே போய்த் திரும்ப எடுத்தான். மச்சான் சுகமாக இருந்தார். காட்டின் விளிம்பில் கித்துள் மரத்துப் பாணி காய்ச்சுகிற ஒரு குடும்பம், விறகு பொறுக்க வந்த இடத்தில் பொழுது சாய்கிற நேரம் அவரைக் கண்டு வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறது. அட்டைக்கடி இரண்டே இரண்டு. சவர்க்காரம் எவ்வளவு நல்லது என்பதற்கு இது போதும். நாகேஸ்வரி போனை வாங்கி அழுதாள். இன்றைக்கே கூட்டிவர ஆள் அனுப்புகிறேன் என்றாள்.

"வேண்டாம் பிள்ளை" என்று மச்சானின் குரல் கேட்டது. "எனக்கிஞ்சை ஒரு அலுவல் இருக்கு. முடிச்சிட்டு வாறன்."

பதினொரு நாள் அங்கே நின்றார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவருக்குச் சிங்களம் நாலு சொல். பன்னிரண்டாம் நாள் இரண்டு போத்தல் பாணியோடும், கண்ணாடி போட்டுச் சட்டமடித்த ஒரு பெரிய படத்தோடும் தனியே பஸ் பிடித்து வந்து இறங்கினார். நான் வாசலில் நின்றேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"உம்மிலை ஒரு பிழையுமில்லை மச்சான். கல்லிலை தொப்பியை வைச்சது நான்தானே. நாகேசுக்கும் சொல்லிப்போட்டன், உம்மை ஒரு சொல்லும் சொல்லக்கூடாதெண்டு."

பிறகு இருந்து, தண்ணீர் குடித்து, நடந்ததைச் சொன்னார். வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் கதைத்தார்.

"நீர் சொன்னபடி அசையேல்லை. பெடியன் கூப்பிட்டதும் கேட்டது. வாய் திறக்கேல்லை. ஒரு மணித்தியாலம் இருக்கும், அந்தப் பத்தைக்குள்ளாலை அது வந்தது மச்சான். இந்தா, இந்தக் கதிரையளவு தூரம். எனக்குத் திரும்பவும் பயம், கலைச்சுப்போடுவனோ எண்டு. அந்த நேரம் பாத்துத் தோளிலை ஒரு கை தொட்டது. நீர்தான் எண்டு நினைச்சன். திரும்பிப் பாராமலே, 'மச்சான், வந்திட்டுது, பச்சைச் சொண்டு, வடிவாப் பாரும்' எண்டனான். திரும்பிப் பாத்தால் அந்தப் பாணிவீட்டு மனிசி."

நாகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உமக்குக் காட்ட ஏலாமல் போச்சே எண்டுதான் நிண்டனான். ஒவ்வொரு நாளும் மூண்டரைக்குப் போய் அந்த இடத்திலை இருந்தன். ஒவ்வொரு நாளும் வந்தது. அந்த மனிசியின்ரை போனிலை கடைசி நாள்தான் வடிவா விழுந்தது. நாற்பத்தொரு வருசம் எண்டீரே, சும்மா வரலாமோ?" என்றுவிட்டு, படத்தை என் மடியில் வைத்தார். "கொக்கில்லை மச்சான். நல்லாப் பாத்திட்டன், கொக்கில்லை."

நல்ல படம். சிறகு, வால், கழுத்து, கண், சொண்டு எல்லாம் இருந்தது. சொண்டு இளந்தளிர்ப் பச்சை. இலை கிலை ஒன்றும் குறுக்கே இல்லை.

படத்தைச் சாப்பாட்டறையில் மாட்டியிருக்கிறார்கள். மூன்று நேரமும் அதற்கு முன்னால்தான் சாப்பிடுகிறேன். ஆனால் படம் கணக்கில் சேராது. சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சட்டம். கொப்பியில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மச்சான் அதைப் பன்னிரண்டு தரம் பார்த்துவிட்டார். காட்டில் இருத்தியவன் நான், வாயை மூடச் சொன்னவன் நான், குடை என்னுடையது, பார்த்தது அவர். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, விபரத்துக்காகச் சொல்கிறேன்.

இப்போது அவர் விடியற்காலையில் என்னோடு கரைக்கு வருகிறார். பக்கத்தில் குந்துகிறார். ஒரு சொல் கதைப்பதில்லை. பறவைகள் கிட்ட வருகின்றன. தானும் ஒரு கொப்பி வாங்கியிருக்கிறார். முதலாம் பக்கத்தில், முதலாம் இலக்கத்தில், எந்தப் பறவையின் பெயர் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. எனக்குப் பின்கழுத்து கூசிக்கொண்டே இருக்கிறது. எப்போது 'கொக்கோ' என்று கேட்பார் என்று காத்திருக்கிறேன். அவர் கேட்பதில்லை. கேட்டாலாவது பரவாயில்லை.

போன கிழமை சாப்பிடும்போது மச்சானே விஷயத்தை எடுத்தார்.

"மழை தொடங்க முதல் ஒருக்காப் போட்டு வருவம் மச்சான். நீரும் நானும் மட்டும். இடம் எனக்குத் தெரியும். பக்கத்திலை இருத்தி வைச்சுக் காட்டுறன்."

நாகேஸ்வரி தனக்கு அந்த வளைவுகள் இனிச் சீவியத்துக்கும் வேண்டாம் என்றாள். பிறகு விரலில் எண்ணிப் பார்த்து, "ரெண்டு பேர்தானே, கல்லுத் தேவையில்லை" என்றாள். கல் இப்போது படலையடியில், பழைய இடத்திலேயே கிடக்கிறது.

எனக்கு மச்சான்மேல் ஒரு கோபமும் இல்லை என்று முன்னமே சொன்னேன். உண்மையில் இப்போது அவர்மேல் முன்னைவிடப் பிரியம். அவர் சொன்ன இடத்தில் இருப்பார், சொன்னால் வாய் திறக்க மாட்டார், தோளில் கை படும்வரை திரும்பிப் பார்க்கவும் மாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதர்கள் இந்தக் காலத்தில் அருமை. நேற்று பஸ் நிலையத்துக்குப் போய் ஆசனங்களைப் பதிந்துவிட்டு வந்தேன். சவர்க்காரமும் வாங்கினேன், அவருக்கும் சேர்த்து. போவதற்கு இரண்டு ஆசனம், வருவதற்கு ஒன்று. மச்சானுக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்துப்போயிற்று. அவர் அங்கேயே நிற்கத்தான் ஆசைப்படுவார்.